பெட்டகத்தின் பூட்டும் உள்ளிருக்கும் சாவிகளும்

(ரொறன்ரோவில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடாத்தப்பட்ட கணினிப் பாதுகாப்புப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆவணப்படுத்தல் என்ற சொல்லை எமது சமூகம் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்கள், இடம்பெயர்ந்தோரின் வாக்குமூலங்கள், அழிந்துபோன ஊர்களின் நிழற்படங்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பேணுதலையே அச்சொல்லால் நாம் குறித்து வந்துள்ளோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஆவணப்படுத்தல்தான். ஆனால் வேறு வகையானது. அவ்வாக்குமூலங்கள் வைக்கப்பட்டிருக்கும் கணக்குகளின் கடவுச்சொற்களை மறையாக்கப் பெட்டகம் ஒன்றிலே வைத்திருக்கின்றோம். அப்பெட்டகத்தினுள் இருக்கும் இரகசியங்களை எப்போது, எந்த ஒழுங்கில் மாற்றுவது என்பதை, எமக்குப் பின் வருபவரும் பிசகின்றிச் செய்யக்கூடியவாறு எழுதிவைத்தல் பற்றியே பேசப்போகின்றேன்.

இது கணினி படித்தவர்களின் உள்வீட்டு விடயம் என்று பெற்றோர் எண்ணவேண்டாம். வாக்குமூலம் தந்தவர் இந்நாட்டில் பாதுகாப்பாக இருக்கலாம். அவருடைய தாயும் சகோதரரும் ஊரில் இருக்கின்றனர். அவருடைய பெயர் எவர் கைக்குப் போகின்றது என்பது சில வேளைகளில் ஒரேயொரு கடவுச்சொல்லிலேயே தங்கியிருக்கின்றது.

ஓர் அமைப்பிடம் எத்தனை சாவிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். இணையத்தள முகவரியின் பதிவு, தளத்தை வைத்திருக்கும் வழங்கி, மின்னஞ்சல்கள், வங்கிக் கணக்கு, நன்கொடை பெறும் சேவை, காணொளித் தளம், கோப்புகள் இருக்கும் இணையக் களஞ்சியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். அதனுடன் ஒரு மீட்பு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி இலக்கம், அவசரத்துக்கான மீட்புக் குறியீடுகள். முன்பெல்லாம் இவை ஒரு கொப்பியிலோ, செயலாளராக இருந்த ஒருவரின் ஞாபகத்திலோ இருந்தன. அவர் நோயுற்றால் அமைப்பின் இணையத்தளமும் நோயுற்றது. இணையத்தள முகவரி காலாவதியானது. மறுவாரம் அதே முகவரியில் வேறு எவரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தனர். இத்தகைய கதைகள் எமது அமைப்புகள் மத்தியில் ஒன்றிரண்டல்ல.

அதன் பின்னரே பலரும் மறையாக்கப் பெட்டகத்தை நாடினர். ஜேர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைக்ல் 2003 ஆம் ஆண்டில் கீபாஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டார். அதே கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தும் கீபாஸ்எக்ஸ்சி என்பதையே நான் இன்று எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். அது திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் கட்டணமின்றி இயங்கும். பெட்டகத்தை எந்த நிறுவனத்தின் வழங்கிக்கும் தானாக அனுப்பாது. பெட்டகம் என்பது உண்மையில் ஒரேயொரு கோப்பு. அதனுள் உள்ள அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். தலைமைக் கடவுச்சொல் ஒன்றே அதனைத் திறக்கும். களவாடியவர் ஒரு நொடியில் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்க முடியாதவாறு, ஒவ்வொரு முயற்சிக்கும் நேரமும் நினைவகமும் செலவாகும்படி ஆர்கன்2 என்னும் முறை அதிலே உண்டு. நிறுவுவது பற்றி நான் பேசப்போவதில்லை. பத்து நிமிட வேலை. இங்குள்ள இளையோர் எவரும் செய்து தருவார்கள்.

பெட்டகத்தை உருவாக்குவது எப்படி என்று சொல்லும் பக்கங்கள் ஆயிரம் உண்டு. உள்ளிருப்பதை மாற்றுவது எப்படி என்று சொல்பவை மிகச் சில. மென்பொருளின் பயனர் கையேடு எந்தப் பொத்தானை அழுத்துவதென்று சொல்லும். எமது சங்கத்தில் யார் அழுத்துவது, எதற்குப் பின் எதைச் செய்வது, பாதியில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை அதனால் சொல்ல இயலாது. அந்தப் பகுதியை நாமே எழுதவேண்டியுள்ளது. அதுவும் தமிழில் எழுதவேண்டியுள்ளது. ஏனெனில் பெட்டகத்தின் காப்பாளராக இருக்கும் அம்மாவும், அவருக்கு உதவும் பிள்ளையும் ஒரே பக்கத்தைப் பார்த்து வேலை செய்ய முடியவேண்டும்.

முதலில் பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைப் பார்ப்போம். சங்கத்திலிருந்து ஒருவர் விலகிச் செல்கின்றார். அவருக்குத் தலைமைக் கடவுச்சொல் தெரியும். உடனே நாம் என்ன செய்கின்றோம்? தலைமைக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கப் போகின்றோம். வீட்டு வாசற் பூட்டை மாற்றியாயிற்று, இனி அவர் வரமுடியாது என்பது எமது எண்ணம். வீட்டுக்கு அது பொருந்தும், ஏனெனில் வீடு ஒன்றுதான். பெட்டகமோ கோப்பு, கோப்புக்குப் பிரதிகள் உண்டு. சென்ற மாதம் அவருடைய மடிக்கணினியில் இருந்த பிரதி இன்னமும் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். இணையக் களஞ்சியங்கள் கோப்பின் முந்தைய பதிப்புகளை வைத்திருக்கின்றன. அவையும் பழைய சொல்லுக்கே திறக்கும். சேமிக்குமுன் பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியிலேயே உண்டு. நல்ல வசதிதான், ஆயினும் அதுவும் ஒரு பழைய பிரதியே. ஆகவே பூட்டை மாற்றுவது இனிமேல் பெட்டகத்தில் வைக்கப்போகும் பொருளை மட்டுமே காக்கும். ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றைக் காப்பதற்கு ஒரே வழி, அந்த ஒவ்வொரு கணக்கிலும் கடவுச்சொல்லையே மாற்றுவதாகும். விலகிச் செல்பவர் நல்லவரா, இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. அவருடைய பழைய மடிக்கணினி யார் கைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. லாஸ்ட்பாஸ் என்பது கோடிக்கணக்கான கடவுச்சொற்களைப் பேணும் ஒரு நிறுவனம். 2022 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அங்கு ஊடுருவல் நிகழ்ந்தது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளும் எடுத்துச் செல்லப்பட்டன என்பதை அந்நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. ஆனால் எந்தெந்த இணையத்தளங்களுக்கானவை என்ற முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன. அறிவிப்பைக் கேட்டதும் பலர் தலைமைக் கடவுச்சொல்லை மாற்றினர். களவு போன பிரதிக்கு அதனால் எதுவும் நேரவில்லை. அதனை வைத்திருப்பவர் பழைய சொல்லைத் தேடி ஆண்டுக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கலாம். உள்ளிருந்த ஒவ்வொரு கணக்கிலும் கடவுச்சொல்லை மாற்றியவர்களின் பிரதியோ வெறும் பழைய காகிதமாகிவிட்டது.

அச்சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. ஊகித்துப் பார்ப்பதைக் கடினமாக்கும் கணிப்புச் சுற்றுகளின் எண்ணிக்கையை அந்நிறுவனம் 2018 இல் 100,100 ஆக உயர்த்தியிருந்தது. ஆயினும் நெடுநாள் வாடிக்கையாளர் சிலரின் பெட்டகங்கள் 5,000 என்ற பழைய அமைப்பிலேயே விடப்பட்டிருந்தன. எவரும் அவற்றைத் தொட்டுப் புதுப்பிக்கவில்லை. எமது பெட்டகத்துக்கும் இது பொருந்தும். பழைய கோப்பு வடிவத்தில் உருவாக்கியதாயின், அமைப்புகளுக்குச் சென்று நான்காம் பதிப்பு வடிவத்துக்கும் ஆர்கன்2 முறைக்கும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இனி மாற்றும் ஒழுங்கைப் பார்ப்போம். கையேட்டின் நடுப்பகுதி இதுதான். சிலர் முதலில் சேவைக்குச் சென்று கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பின்னர் பெட்டகத்தில் எழுதுகின்றனர். இடையில் தொலைபேசி அழைப்பு வரும், பிள்ளை அழும், கணினி தன்பாட்டில் மீள இயங்கும். புதிய சொல் எங்கும் எழுதப்படவில்லை; பழையது செல்லாது. ஆகவே எமது கையேடு எதிர்த்திசையில் செல்கின்றது. முதலில் பெட்டகத்தைத் திறந்து, உரிய பதிவைத் திருத்தத்துக்கு எடுத்து, மென்பொருளைக் கொண்டே புதிய சொல்லை உருவாக்கிச் சேமிக்கவேண்டும். பழைய சொல் தொலைந்துவிடுமே என்று அஞ்சவேண்டாம். கீபாஸ்எக்ஸ்சி ஒவ்வொரு திருத்தத்தின் போதும் முந்தைய நிலையை அப்பதிவின் வரலாற்றுப் பகுதியில் வைத்துக்கொள்ளும். வேறு அமைப்புச் செய்யாவிடின் பத்து முந்தைய நிலைகள் வரை அங்கே இருக்கும். எனவே இரண்டு சொற்களும் கையில் இருக்கும் நிலையிலேயே சேவையின் வாசலுக்குச் செல்கின்றோம். அங்கே பழையதைக் கொடுத்து நுழைந்து, புதியதை இடுகின்றோம். பாதியில் எது நின்றாலும் இரண்டில் ஒன்று செல்லும்.

சேவை எமது புதிய சொல்லை முழுமையாக ஏற்றுக்கொண்டதா என்பதையும் சோதிக்கவேண்டும். சில தளங்கள் நீண்ட சொல்லின் பிற்பகுதியைச் சொல்லாமலே வெட்டிவிடுகின்றன. ஆகவே வேறொரு கருவியிலிருந்து, பெட்டகத்திலுள்ள சொல்லைப் பிரதிசெய்து, புதிதாக நுழைந்து பார்க்கவேண்டும். அது சரிவந்த பின்னரே வேலை முடிந்ததாகக் கையேடு கொள்ளும். அதன் பின்னும் ஒரு படி உண்டு, பலரும் மறப்பது. கடவுச்சொல்லை மாற்றினாலும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கருவிகளைப் பல சேவைகள் வெளியேற்றுவதில்லை. விலகிச் சென்றவரின் கைத்தொலைபேசியில் எமது மின்னஞ்சல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். ஏனைய கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றும் வசதியைத் தேடி அழுத்தவேண்டும். மீட்பு மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் எவருடையவை என்பதையும் அப்போதே பார்க்கவேண்டும். அவை பழைய செயலாளருடையவையாக இருந்தால், நாம் மாற்றிய சொல்லை அவர் ஐந்து நிமிடத்தில் மீளமைத்துவிடலாம்.

கட்டளை வரியில் வேலை செய்யும் இளையோருக்கு ஒரு சொல். கீபாஸ்எக்ஸ்சியுடன் வரும் கட்டளைக் கருவியிலே பதிவைத் திருத்தும் எடிட் கட்டளை உண்டு. கடவுச்சொல்லைத் தனியே கேட்டு வாங்கும்படியோ, தானே உருவாக்கும்படியோ அதனைப் பணிக்கலாம். இதற்கு ஒரு காரணம் உண்டு: கட்டளை வரியில் நீங்கள் தட்டுவன யாவும் அம்முனையத்தின் வரலாற்றுக் கோப்பில் வெறும் எழுத்தாகப் பதிந்துவிடும். இரகசியத்தைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டும் எந்தக் கருவியையும், நீங்களே எழுதிய சிறு நிரலானாலும், எமது கையேட்டில் சேர்க்கவேண்டாம். கையேட்டுக்குத் திரைப்படம் பிடிக்கும்போதும் பொய்யான பதிவொன்றை வைத்தே பிடியுங்கள்.

அடுத்தது, ஓர் இரகசியம் எத்தனை இடங்களில் வாழ்கின்றது என்ற கேள்வி. என்னைப் பொறுத்தவரை முழுக் கையேட்டிலும் மிகப் பயனுள்ள வரி இதுதான். அறிவித்தல் அனுப்பும் மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கின்றது. அதே சொல் இணையத்தளத்தின் அமைப்புக் கோப்பிலும் இருக்கின்றது; அலுவலகத்திலுள்ள வருடும் கருவியிலும் இருக்கின்றது; பொருளாளரின் கைத்தொலைபேசியிலும் இருக்கின்றது. நன்கொடைச் சேவையின் நீண்ட சாவி இணையத்தளத்தின் உள்ளே எங்கோ செருகப்பட்டிருக்கின்றது. இதையறியாத ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அதனை மாற்றினால், வார இறுதி முழுவதும் நன்கொடைப் பக்கம் இயங்காது; திங்களன்றுதான் ஏனென்று தெரியவரும். அதனால் அடுத்தமுறை எவரும் எதையும் மாற்றத் துணியமாட்டார்கள். சங்கங்களிலே கடவுச்சொற்கள் பத்தாண்டுகள் மாறாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று. மாற்றினால் எது உடையும் என்று எவருக்கும் தெரியாதிருப்பதே காரணம்.

ஆகவே எமது கையேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டுள்ளது. மாதிரிக்காக ஒன்றை வாசிக்கின்றேன்:

"பதிவின் பெயர்: அறிவித்தல் மின்னஞ்சல். பயன்: மாதாந்த அறிவித்தல்களை அனுப்புதல். பெட்டகம் தவிர இது இருக்கும் இடங்கள்: இணையத்தளத்தின் அஞ்சல் அமைப்பு, அலுவலக வருடி. மாற்றினால் உடனடியாக நிற்பவை: பதிவுப் படிவத்துக்கான பதில் மடல்கள். மாற்ற உகந்த நேரம்: அறிவித்தல் அனுப்பிய மறுநாள். மாற்றியபின் சோதனை: படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பதில் வருகின்றதா எனப் பார்த்தல். மீட்பு இலக்கம்: சங்கத் தொலைபேசி, எவருடைய சொந்த இலக்கமும் அன்று. இறுதியாக மாற்றிய நாள், மாற்றியவரின் பொறுப்பு, சோதித்தவரின் பொறுப்பு, மாற்றியதன் காரணம்."

இந்தப் பக்கத்தில் கடவுச்சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது ஒருபோதும் இருக்காது. மாற்றியவரும் சோதித்தவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்பது எமது விதி. கையேட்டைப் பெட்டகத்தின் உள்ளேயே வைக்கலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். பெட்டகம் திறக்க மறுக்கும் நாளில்தான் கையேடு தேவைப்படும். ஆகையால் அச்சிட்ட பிரதிகள் இரண்டு, இரு வேறு வீடுகளில் இருக்கின்றன.

எந்தக் கணினியில் இருந்து மாற்றுகின்றோம் என்பதையும் கையேட்டின் முதல் வரியிலேயே எழுதியுள்ளோம். அதற்குக் காரணம் எம்மைப் போன்ற இன்னொரு புலம்பெயர் சமூகத்தின் அனுபவம். திபெத்தியரின் வேண்டுகோளின் பேரில் நடாத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2009 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்தன. எமது நகரிலேயே உள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் என்னும் ஆய்வுகூடத்தினர் அதில் முக்கிய பங்கேற்றனர். கோஸ்ட்நெற் என்று அவர்கள் பெயரிட்ட ஒற்று வலையமைப்பு 103 நாடுகளில் குறைந்தது 1,295 கணினிகளுக்குள் புகுந்திருந்தது. தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளும் அவற்றுள் அடங்கும். அறிமுகமானவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சல், அதனுடன் இணைத்த ஓர் ஆவணம். அதைத் திறந்ததே போதுமானதாயிற்று. அத்தகைய கணினியில் உட்கார்ந்து நாம் கடவுச்சொற்களை மாற்றினால், பழையவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை எமது கையாலேயே எடுத்துக் கொடுப்பதாகும். பெட்டகம் எவ்வளவு வலிமையானதாயினும் அதைத் திறக்கும் வேளையில் அருகில் நிற்பவர் பார்க்கத்தானே செய்வார். முன்பு சொன்ன லாஸ்ட்பாஸ் ஊடுருவலிலும் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் விசைத் தட்டல்களைப் பதியும் நிரலை நிறுவியே அவருடைய தலைமைக் கடவுச்சொல்லைப் பிடித்தனர். எனவே ஐயம் எழுந்தால் முதலில் கணினி, பின்னர் கடவுச்சொல். பிள்ளைகள் விளையாட்டுகளைத் தரவிறக்கும் கணினியில் பெட்டகம் திறக்கப்படமாட்டாது.

எப்போது மாற்றுவது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று வேலைத்தலங்களில் எமக்குச் சொல்லித்தந்தனர். அதன் விளைவாகத்தான் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று இலக்கம் ஏறிக்கொண்டு போனது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியில், காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றும்படி பாவனையாளரை வற்புறுத்தலாகாது என்றும், கசிந்ததற்குச் சான்று இருந்தால் மாற்றச் செய்யவேண்டும் என்றும் கூறிவிட்டது. நாமும் நாட்காட்டியைப் பின்பற்றவில்லை. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும்போது, கருவியொன்று தொலையும்போது, சேவையில் கசிவு நிகழ்ந்ததாகச் செய்தி வரும்போது, பெட்டகத்தின் பிரதி இருக்கக்கூடாத இடத்தில் காணப்படும்போது மாற்றுகின்றோம். வாக்குமூலக் களஞ்சியத்தின் சாவியில்தான் எல்லாவற்றுக்கும் முதலில் கைவைக்கவேண்டும். முகநூல் கணக்கு மறுநாள் வரை காத்திருக்கலாம்.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்கு சொல்லியாகவேண்டும். தலைமைக் கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்திலேயே வைத்தால் எவரும் ஊகிக்கமாட்டார் என்று பலர் விரும்புகின்றனர். விருப்பம் நல்லது, நடைமுறையில் ஆபத்தானது. பெட்டகம் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, அதன் பின்னாலுள்ள எண்களையே பார்க்கின்றது. கொ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னாலுள்ள கொம்பு, பின்னாலுள்ள கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, எண்கள் வேறு. ஸ்ரீ என்பதற்கும் அவ்வாறே இரண்டு வழிகள் உண்டு. 2005 இல் ஒருங்குறியில் புதிய எழுத்தொன்று சேர்க்கப்பட்டதன் விளைவு அது. வீட்டுக் கணினியின் விசைப்பலகை ஒரு வழியிலும் கைத்தொலைபேசி மறுவழியிலும் எழுதினால், சரியான சொல்லைத் தட்டியும் பெட்டகம் திறவாது. தட்டியது புள்ளிகளாக மட்டுமே தெரிவதால் காரணமும் புலப்படாது. பாமினி எழுத்துருவில் பழகிய பெரியோருக்கு நிலைமை இன்னும் வேடிக்கையானது: திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினியில் பதிவது ஆங்கில எழுத்துகளே. ஆகவே தலைமைக் கடவுச்சொல் ஆங்கில விசைகளிலேயே இருக்கட்டும். ஐந்து பகடைகளை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கும் முறை உண்டு. ஆறு தடவை உருட்டினால் ஆறு சொற்கள்; அது போதுமான வலிமை. எமது வீடுகளில் தாயம் உருட்டத் தெரியாதவர் எவர்? பாட்டியிடம் கொடுங்கள். நாமாகத் தெரிவுசெய்யும் சொற்களைவிடப் பாட்டி உருட்டுவது பாதுகாப்பானது.

ஒரே பெட்டகத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்துவதும் தொல்லை தரும். இணையக் களஞ்சியம் இரண்டு பிரதிகளை உருவாக்கிவிடும். ஒன்றில் ஒருவரின் மாற்றம், மற்றதில் மற்றவரின் மாற்றம். இரண்டையும் இணைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியில் உண்டு. ஆயினும் எமது சங்கத்தில் திருத்தும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கே என்று வைத்துள்ளோம். திறக்கத் தெரிந்தவர் எப்போதும் இருவர். மூன்றாவது வழி, முத்திரையிட்ட உறை ஒன்றில் தலைமைக் கடவுச்சொல். உறை பிரிக்கப்பட்டிருந்தால் அதுவும் மாற்றுவதற்கான ஒரு காரணமாகும்.

இறுதியாகக் குடும்பங்களைப் பற்றி ஒரு சில வார்த்தைகள். எமது வீடுகளில் பெரும்பாலும் மூத்த பிள்ளையே பெற்றோரின் பெட்டகம். வங்கி, வருமான வரி, குடிவரவுக் கணக்கு, அம்மாவின் மருத்துவ முன்பதிவு, யாவும் மகளின் கைத்தொலைபேசியில். மகள் படிப்புக்காகவோ திருமணமாகியோ வேறு நகருக்குச் செல்கின்றாள். தொலைபேசி இலக்கம் மாறுகின்றது. அம்மாவின் வங்கிக் கணக்கு அனுப்பும் குறுஞ்செய்தி இப்போது எவருக்கோ போகின்றது. இளையோரே, நீங்கள் அம்மாவுக்காகச் செய்துகொடுப்பது பெரிய உதவி. அதனை அம்மாவும் செய்யக்கூடியவாறு ஒரு பக்கம் தமிழில் எழுதிக்கொடுத்தால், உங்களுடைய பரீட்சை நாளில் தொலைபேசி அடிக்காது. அம்மாமாரே, பிள்ளை எழுதித் தந்த பக்கத்தைப் பார்த்து ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். எந்த வரியில் நிற்கின்றீர்களோ, அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். எமது கையேடும் அவ்வாறுதான் எழுதப்பட்டது. முதற்பிரதியை வாசித்த காப்பாளர் அம்மா ஒருவர், "தம்பி, சேமி என்கிறீர்கள், சேமித்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதன் பின்னரே ஒவ்வொரு படிக்கும் கீழே, திரையில் எது தெரியவேண்டும் என்ற வரி சேர்ந்தது.

அடுத்த அமர்வில் பேச்சு இராது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பதிவை, மாதிரிக் கணக்கொன்றில், கையேட்டைப் பார்த்து மாற்றிப் பழகும். கைத்தொலைபேசியையும் வாசிப்புக் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள். கடவுச்சொல் எதனையும் தாளில் எழுதிக் கொண்டுவரவேண்டாம். கையேட்டின் அச்சுப் பிரதிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. திருத்தங்களை அதன் ஓரத்திலேயே பேனாவால் எழுதித் தாருங்கள்.